கேளுங்க சொல்றேன்: வேர்டு டேபிள் ஏன் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது?

இந்தத் தடவை வந்த கடிதங்களையும் மெயில்களையும் பிரிச்சுப் பாத்தா நிறைய பேர் கேட்டிருக்கறது ஒரே விஷயம்தான், வேர்டுல போட்ட டேபிள். மார்க் லிஸ்ட், மொய்க் கணக்கு, சம்பளப் பட்டியல், ஆராய்ச்சிக் கட்டுரைன்னு ஆளுக்கு ஒரு வேலை, ஆனா மாட்டிக்கிற இடம் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கு. அதனால இந்த மாசப் பகுதி முழுக்க டேபிளுக்கே விட்டாச்சு.

பதிலுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, இல்லன்னா கீழ சொல்றது பாதி புரியாது. வேர்டு 2016-க்கு அப்புறம் மேல ரிப்பன்ல லேஅவுட்னு ரெண்டு டேப் வரும். ஒண்ணு பக்கத்துக்கு உள்ளது, எப்பவுமே இருக்கும். இன்னொண்ணு டேபிளுக்குள்ள கர்சர் வச்சா மட்டும் வலது பக்கம் டேபிள் டிசைனுக்கு பக்கத்துல வந்து நிக்கும், சில வெர்ஷன்ல டேபிள் லேஅவுட்னே பேர் இருக்கும். "நீங்க சொன்னது என் கம்ப்யூட்டர்ல இல்லவே இல்ல சார்"னு எழுதறவங்கள்ல நிறைய பேர் முதல் லேஅவுட்லயே தேடிட்டு இருக்காங்க. இனிமே நான் டேபிள் லேஅவுட்னு சொன்னா அந்த ரெண்டாவதுதான். இன்னொரு விஷயம், டேபிள்ல ஏதாவது கோளாறுன்னா முதல்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூணையும் சேத்து அமுத்துங்க. பக்கம் பூரா ¶ மாதிரி மார்க்கா தெரியும், எங்க என்டர் தட்டியிருக்கு, எங்க ஸ்பேஸ் போட்டிருக்கு, எங்க பேஜ் பிரேக் ஒளிஞ்சிருக்கு எல்லாம் வெளிய வந்துடும். திரும்ப அதையே அமுத்தினா மறைஞ்சிடும், பிரிண்ட்லயும் வராது.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: சார், எங்க ஸ்கூல்ல எல்லா செக்‌ஷனும் சேத்து ஒரே மார்க் லிஸ்ட்டா வேர்டுல போடறோம், அஞ்சாறு பக்கம் வருது. மேல இருக்கற தலைப்பு வரிசை முதல் பக்கத்துல மட்டும்தான் வருது, அதனால ஒவ்வொரு பக்கத்துக்கும் அதை காப்பி பண்ணி ஒட்டி வச்சிருந்தேன். நடுவுல ரெண்டு பிள்ளைங்க புதுசா சேந்தாங்க, பேரைச் சேத்ததும் தலைப்பு எல்லாம் பக்கத்துக்கு நடுவுல இறங்கிடுச்சு. ரிபீட் ஹெட்டர் ரோஸ் கொடுத்தும் பாத்தேன், ஒண்ணும் நடக்கல.

டீச்சர், முதல்ல கையால ஒட்டின தலைப்பு வரிசை அத்தனையும் எடுத்துடுங்க, அது இருக்கற வரைக்கும் ஒவ்வொரு பேர் சேக்கும்போதும் இதே கதைதான். ரிபீட் ஹெட்டர் ரோஸ் சரியான வழிதான், ஆனா அது வேலை செய்ய சில நிபந்தனை இருக்கு, அதை யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. தலைப்பு ஒரு வரிசையோ ரெண்டு வரிசையோ, டேபிளோட முதல் வரிசையிலிருந்து ஆரம்பிச்சு செலக்ட் பண்ணணும், அதாவது மேல பள்ளி பேர் ஒரு வரிசை, கீழ பாடம் பேர் ஒரு வரிசைன்னா ரெண்டையும் சேத்து செலக்ட் பண்ணிட்டுத்தான் டேபிள் லேஅவுட்ல ரிபீட் ஹெட்டர் ரோஸ் குடுக்கணும், ரெண்டாவதை மட்டும் தனியா செலக்ட் பண்ணா அந்த பட்டனே அமுங்காது.

அது சரியா இருந்தும் வரலைன்னா டேபிள் மேல ரைட் கிளிக் பண்ணி டேபிள் ப்ராப்பர்ட்டீஸ் போங்க, முதல் பக்கத்துலயே கீழ டெக்ஸ்ட் ராப்பிங்னு இருக்கும், அங்க நன் இருக்கணும், அரவுண்டுன்னு இருந்தா தலைப்பு அடுத்த பக்கத்துல வரவே வராது. நாம யாரும் வேணும்னு அரவுண்ட் குடுக்கறதில்ல, டேபிளோட இடது மேல் மூலையில ஒரு சின்ன நாலு பக்க அம்பு வருமே, அதைப் பிடிச்சு மவுஸால லேசா நகத்தினாலே அது தானா அரவுண்டுக்கு மாறிடும், அப்பறம் டேபிளுக்குப் பக்கத்துல எழுத்து ஏறி உக்காரும். அதுவும் இதே நோய்தான், இதே மருந்துதான்.

உங்க விஷயத்துல எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கு, ஒவ்வொரு செக்‌ஷனும் புதுப் பக்கத்துல வரணும்னு நடுவுல கன்ட்ரோல் என்டர் தட்டியிருப்பீங்க. டேபிளுக்குள்ள அதைத் தட்டினா டேபிளே ரெண்டா வெட்டுப்பட்டுடும், கண்ணுக்கு ஒண்ணா தெரியும், ஆனா வேர்டுக்கு அது வேற டேபிள், அதுக்கு தலைப்புன்னு எதுவும் கிடையாது. கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 போட்டா அந்த பேஜ் பிரேக் பளிச்சுன்னு தெரியும், அதையும் அதுகூட இருக்கற காலி பாராவையும் அழிச்சா ரெண்டும் ஒட்டிக்கும். புதுப் பக்கத்துல ஆரம்பிக்கணும்னா அந்த வரிசையோட முதல் கட்டத்துல கர்சர் வச்சு பாராகிராஃப் டயலாக்ல லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ் போய் பேஜ் பிரேக் பிஃபோர் டிக் பண்ணுங்க, டேபிள் உடையாம அடுத்த பக்கம் போகும், தலைப்பும் கூடவே வரும். இதெல்லாம் பிரிண்ட் லேஅவுட் வியூவுல மட்டும்தான் தெரியும்ங்கறதையும் மறந்துடாதீங்க, வெப் லேஅவுட்ல பாத்துட்டு வரலையேன்னு கவலைப்பட வேணாம்.

விழுப்புரத்திலிருந்து ஒரு டிடிபி சென்டர்காரர்: கலெக்டர் ஆபீஸுக்கு மனு, பயனாளிகள் பட்டியல்னு தினம் டேபிள் வேலைதான் சார் எனக்கு. இங்கிலீஷ்ல அடிச்சா அழகா இருக்கற அதே டேபிள்ல தமிழ் அடிச்சா எழுத்தோட மேல்பக்கம் வெட்டுப்படுது, சில இடத்துல கீழயும். ஃபான்ட் மாத்திப் பாத்துட்டேன். இன்னொண்ணு, பயோடேட்டா டேபிள்ல போட்டோ வச்சா ஒரு கோடு மாதிரி மட்டும் தெரியுது.

தம்பி, இந்தக் கேள்வி கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி, ஏன்னா இது பாக்கறதுக்கு அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மாதிரி தெரியும், ஆனா இல்ல. கி-க்கும் கீ-க்கும் வித்தியாசமே அந்த மேல்விலங்கோட உச்சியில இருக்கற சுழிதான், அது வெட்டுப்பட்டா மீனா மினாவா ஆயிடறாங்க, வீரன் விரனா ஆயிடறாரு. பயனாளிகள் பட்டியல்ல பேர் இப்படி விழுந்தா அந்த ஆள் ரேஷன் கார்டையும் ஆதாரையும் தூக்கிட்டு எத்தனை ஜன்னலுக்கு அலையணும்னு உங்களுக்கே தெரியும்.

காரணம் ரெண்டு இடத்துல இருக்கும், ரெண்டையும் பாருங்க. டேபிள் முழுசும் செலக்ட் பண்ணி டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்ல ரோ பக்கம் போனா ஸ்பெசிஃபை ஹைட்னு இருக்கும், அதுக்குப் பக்கத்துல எக்ஸாக்ட்லின்னு இருந்தா வரிசையோட உயரம் எவ்வளவு போட்டிருக்கோ அதுக்கு மேல ஒரு நூல் கூட ஏறாது, மிச்ச எழுத்து மறைஞ்சு போயிடும். அதை அட் லீஸ்ட்டுன்னு மாத்துங்க, குறைஞ்சது இவ்வளவு, தேவைப்பட்டா கூட்டிக்கோன்னு அர்த்தம். இது முதல் இடம். ரெண்டாவது இடம்தான் பெரும்பாலும் ஆளை ஏமாத்துது, அது டேபிள்லயே கிடையாது, உள்ள இருக்கற பாராவுல இருக்கு. கட்டத்துக்குள்ள இருக்கற எழுத்தை செலக்ட் பண்ணி பாராகிராஃப் டயலாக் தொறந்து லைன் ஸ்பேஸிங் பாருங்க, அங்க எக்ஸாக்ட்லி 12 பாயின்ட்னு இருக்கும். இங்கிலீஷ் எழுத்துக்கு அளவெடுத்து யாரோ செஞ்ச டெம்ப்ளேட் அது. நம்ம எழுத்துக்கு மேல விலங்கு, சுழி, கீழ கூ, று, ழுன்னு இறங்கற வால், ரெண்டு பக்கமும் இடம் வேணும், அதனால அதே சைஸ் இங்கிலீஷை விட வரி உயரம் கூடுதலா தேவைப்படும். லதா ஃபான்டுக்கு ஒரு அளவு, விண்டோஸ் 8-லிருந்து கூடவே வர்ற நிர்மலா யூஐ-க்கு வேற அளவு, அதனாலதான் நீங்க ஃபான்ட் மாத்தும்போது வெட்டு கூடிக் குறையுதே தவிர போக மாட்டேங்குது. லைன் ஸ்பேஸிங்கை சிங்கிள்னு வச்சிடுங்க, வேர்டே எந்த ஃபான்டுக்கு எவ்வளவு உயரம் வேணும்னு பாத்து விட்டுக்கும். வரிசை ரொம்ப உயரமாத் தெரிஞ்சா அதே டயலாக்ல பிஃபோர், ஆஃப்டர் ரெண்டும் 0 பண்ணுங்க, வேர்டு 2013-லிருந்து சாதாரண பாராவுக்கு கீழ 8 பாயின்ட் இடம் தானா வந்துடுது, அது சில சமயம் டேபிளுக்குள்ளயும் வந்து உக்காந்திருக்கும்.

போட்டோ கோடா தெரியறதும் இதே எக்ஸாக்ட்லி வேலைதான். வரி உயரம் 12 பாயின்ட்னு கட்டிப் போட்டுட்டா படமும் அந்த 12 பாயின்ட் அளவுக்குத்தான் தெரியும், படம் போகல, மறைஞ்சிருக்கு. சிங்கிள் குடுத்ததும் முழுசா வந்துடும்.

இன்னும் ஒண்ணு, நீங்க கேக்கலைன்னாலும் உங்க தொழிலுக்குத் தேவைப்படும். சில சமயம் ஸ்டைல்ல எழுத்து சைஸ் மாத்தினா நம்பரும் இங்கிலீஷும் மாறும், தமிழ் மட்டும் அப்படியே நிக்கும். கன்ட்ரோல் டி அமுத்தி ஃபான்ட் டயலாக் பாத்தா மேல லத்தீன் டெக்ஸ்ட்னு ஒரு பகுதி, கீழ காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்னு ஒரு பகுதி இருக்கும். தமிழ் அந்தக் கீழ் பகுதியில இருக்கற ஃபான்டையும் சைஸையும்தான் எடுத்துக்கும், அதனால ரெண்டு இடத்துலயும் குடுக்கணும். ஒரே கட்டத்துல கதவு எண் பெருசா, தெருப் பேர் சின்னதா வர்றதுக்கு இதுதான் காரணம்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு பெரியவர்: பேரனுக்கு காதுகுத்து வச்சோம் தம்பி. மொய் நோட்டுல இருந்ததை மருமக வேர்டுல டேபிளா அடிச்சுக் குடுத்துச்சு, ஊர் வாரியா. கடைசியில கூட்டுத்தொகை போட்டா நோட்டுல இருக்கற கணக்குக்கும் இதுக்கும் ஒத்து வரல. கம்ப்யூட்டர் கணக்கு தப்பா போடுமா?

ஐயா, கூட்டல்ல தப்பில்ல, எதைக் கூட்டறதுன்னு அதுக்குப் புரிஞ்சதுலதான் கோளாறு. டேபிள் லேஅவுட்ல ஃபார்முலா அமுத்தினா மேல இருக்கறதை எல்லாம் கூட்டுன்னு அதுவே எழுதி வச்சிருக்கும், நாம ஓகே மட்டும்தான் குடுக்கறோம். ஆனா அந்த "மேல"ங்கறதுல மூணு சிக்கல் இருக்கு. முதலாவது காலிக் கட்டம். பாத்திரமோ வேட்டி சேலையோ குடுத்தவங்களுக்கு பணக் கட்டத்தை வெறுமனே விட்டிருப்பீங்க, அந்தக் காலி இடத்தால கூட்டல் தடுமாறி, அதுக்கு மேல இருக்கற தொகை விட்டுப் போயிடலாம், அங்க 0 போட்டுடுங்க. ரெண்டாவது, தலைப்புல "2025 மொய்"னு வருஷம் போட்டிருந்தா அந்த 2025-ஐயும் ரூபான்னு நெனச்சு சேத்துக்கும், அதனால கூட்டற பத்தி (மேலிருந்து கீழ போற கட்ட வரிசை) தலைப்புல எண்ணே இருக்கக் கூடாது. மூணாவது, நடுவுல ஊர் வாரியா ஒரு கூட்டுத்தொகை போட்டு கடைசியில மொத்தம் போட்டா, நடுவுல போட்ட கூட்டுத்தொகையும் திரும்பக் கூடிடும்.

இது போக ஒரு முக்கியமான விஷயம், வேர்டுல போட்ட கூட்டுத்தொகை தானா மாறாது. 501-ஐ 1001-னு திருத்தினா கீழ பழைய தொகையே நிக்கும், அந்தத் தொகை மேல கர்சர் வச்சு எஃப்9 அமுத்தினாத்தான் புதுசாக் கூட்டும். பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி கன்ட்ரோல் ஏ போட்டு எல்லாத்தையும் செலக்ட் பண்ணி எஃப்9 ஒரு தடவை தட்டச் சொல்லுங்க மருமகளை. தொகைக்குப் பின்னாடி கோடும் புள்ளியும் போடற பழக்கத்தை இங்க விட்டுடுங்க, பணக் கட்டத்துல வெறும் எண் மட்டும் இருக்கட்டும், வலது பக்கமா ஒதுக்கி வச்சா நூறு ஆயிரம் எல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு நேரா நிக்கும், கண்ணால பாத்தே சரிபாக்கலாம்.

உண்மையா என் அபிப்ராயம் கேட்டா மொய்க் கணக்கை எக்ஸெல்லதான் போடணும். அது வெறும் பட்டியல் இல்ல, நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாம திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு, ஒரு பேர் விட்டுப் போனாலோ ஒரு தொகை மாறினாலோ மனஸ்தாபம் வரைக்கும் போயிடும். எக்ஸெல்ல எண்ணை மாத்தினா கூட்டுத்தொகை அப்பவே மாறும், ஊர் வாரியா அடுக்கறதும் லேசு. அழகா பிரிண்ட் எடுக்கணும்னா முடிஞ்சப்பறம் வேர்டுக்குக் கொண்டு வந்துக்கலாம். நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பட்டப்படிப்பு மாணவி: அண்ணா, என்ர ஆய்வுக் கட்டுரையில அட்டவணைகள் கனக்க இருக்கு. பாமினி எழுத்துருவிலதான் தட்டச்சு செய்யிறனான். வெளியில ஒழுங்கா வாற சொல் அட்டவணைக்குள்ள போனதும் முதல் எழுத்து மாறுது. அம்மா எண்டு அடிச்சா ஆம்மா எண்டு வருது, தமிழ் எண்டு அடிச்சா துமிழ் எண்டு வருது. திருத்தித் திருத்திக் களைச்சுப் போனன். மற்றது, பதினொரு நிரல் உள்ள அட்டவணை ஒண்டு பக்கத்துக்கு வெளியால போகுது.

தங்கச்சி, உங்க விரல் மேல தப்பே இல்ல, நீங்க அடிக்கறது சரிதான், வேர்டுதான் அதை மாத்துது. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் நீங்க அடிக்கறது தமிழே இல்ல, இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் உருவம் போத்தியிருக்கு அவ்வளவுதான். ஸ்மால் எம் அடிச்சா அ, கேப்பிட்டல் எம் அடிச்சா ஆ. ஸ்மால் ஜே த, கேப்பிட்டல் ஜே து. இப்ப வேர்டுல ஆட்டோகரெக்ட்னு ஒரு வசதி இருக்கு, அதுல டேபிள் கட்டத்தோட முதல் எழுத்தை கேப்பிட்டலா மாத்துன்னு தனியாவே ஒரு டிக் இருக்கு. இங்கிலீஷ்காரங்களுக்கு அது உதவி. நீங்க அடுத்த கட்டத்துக்குப் போன உடனே அது முதல் எழுத்தை கேப்பிட்டல் ஆக்கிடும், அம்மா ஆம்மா ஆயிடும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் கேப்பிட்டலைஸ் ஃபர்ஸ்ட் லெட்டர் ஆஃப் டேபிள் செல்ஸ் டிக்கை எடுத்துடுங்க, அதுக்கு மேலயே வாக்கியத்தோட முதல் எழுத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கும், அதையும் எடுங்க. ஏற்கனவே மாறிப் போனதை கையாலதான் திருத்தணும், வேற வழி இல்ல.

ஆனா இதோட நிறுத்திக்காதீங்க. ஆய்வுக் கட்டுரைங்கறது நாளைக்கு இன்னொருத்தர் தேடி எடுத்துப் படிக்க வேண்டிய பொருள், பாமினியில இருந்தா தேடினா கிடைக்காது, ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல தொறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வரும். உங்க துறையில பாமினிதான் வேணும்னு கட்டாயம் இல்லைன்னா தமிழைத் தமிழாவே வைக்கற யூனிகோடுக்கு மாத்திடுங்க, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாத்தித் தர்ற இலவச கன்வெர்ட்டர் நிறைய இருக்கு. மாத்தும்போது டேபிளை அப்படியே போடாதீங்க, டேபிளுக்குள்ள இருக்கற இங்கிலீஷ் சொல், சூத்திரம் எல்லாம் சேந்து மாறி குழம்பிடும். தமிழ் இருக்கற இடத்தை மட்டும் ஒவ்வொண்ணா செலக்ட் பண்ணி மாத்தி அதே இடத்துல ஒட்டுங்க, நேரம் எடுக்கும்தான், இருந்தாலும் அப்படித்தான் செய்யணும்.

பதினோரு நிரலுக்கு, அதாவது பத்திக்கு, அந்தப் பக்கத்தை மட்டும் படுக்கையாத் திருப்பறதுதான் வழி. டேபிளையும் அதோட தலைப்பையும் சேத்து செலக்ட் பண்ணிட்டு, பக்கத்துக்கான லேஅவுட்ல பேஜ் செட்டப் மூலையில இருக்கற சின்ன அம்பை அமுத்தி லேண்ட்ஸ்கேப் குடுத்து, கீழ அப்ளை டூ-ல செலக்டட் டெக்ஸ்ட் தேர்ந்தெடுங்க. முன்னாடியும் பின்னாடியும் செக்‌ஷன் பிரேக் தானா விழுந்து அந்த டேபிள் பக்கம் மட்டும் திரும்பும், மத்ததெல்லாம் நிமிந்தே இருக்கும். அப்பறம் டேபிள் லேஅவுட்ல ஆட்டோஃபிட்ல ஆட்டோஃபிட் விண்டோ குடுத்தா மார்ஜினுக்குள்ள வந்து உக்காரும். எழுத்தை 7, 8 பாயின்ட்னு சுருக்கி நிமிந்த பக்கத்துலயே அடைக்கறவங்க இருக்காங்க, படிக்கறவங்க கண்ணைப் பத்தி கொஞ்சம் யோசிங்க. ஒரு வரிசை பாதி இந்தப் பக்கம் பாதி அடுத்த பக்கம்னு உடையாம இருக்கணும்னா டேபிள் ப்ராப்பர்ட்டீஸ் ரோ பக்கத்துல அலோ ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ் டிக்கை எடுக்கணும். பேட்டி விவரம் மாதிரி அரைப் பக்கத்துக்கு நீளமான கட்டம் இருந்தா மட்டும் எடுக்காதீங்க, கீழ பெரிய வெள்ளை விழும்.

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர்: டேபிள் சரியா பக்கத்தோட முடியுது, ஆனா அதுக்கு அப்புறம் ஒரு காலிப் பக்கம் வருது, அழிக்கவே முடியல.

டேபிளுக்குப் பின்னாடி ஒரு பாரா கட்டாயம் இருந்தே ஆகணும், அது வேர்டோட சட்டம், அதை அழிக்க முடியாது, சுருக்கத்தான் முடியும். கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 போட்டு கடைசிப் பக்கத்துல தனியா நிக்கற ¶ மார்க்கை செலக்ட் பண்ணி ஃபான்ட் சைஸ் 1, பாராகிராஃப்ல பிஃபோர் ஆஃப்டர் 0, லைன் ஸ்பேஸிங் எக்ஸாக்ட்லி 1 பாயின்ட் குடுங்க. முன்பக்கத்துல ஏறிடும். மேல எக்ஸாக்ட்லி வேணாம்னு சொன்னேனேன்னு கேக்காதீங்க, எழுத்து இல்லாத பாராவுக்கு அது நல்லதுதான்.

அதே வாசகரோட இன்னொரு கேள்வி: டேபிளை முதல்ல போட்டுட்டேன், அதுக்கு மேல தலைப்பு அடிக்க இடமே இல்ல.

முதல் கட்டத்துல முதல் எழுத்துக்கும் முன்னாடி கர்சர் வச்சு என்டர் தட்டுங்க, டேபிள் ஒரு வரி கீழ இறங்கும்.

திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி ஊழியர்: சம்பளப் பட்டியல்ல ஒருத்தர் பேர் கொஞ்சம் நீளமா அடிச்சா போதும், எல்லா பத்தியோட அகலமும் மாறிடுது. மவுஸால இழுத்து சரி பண்ணா ஒரு கட்டம் மட்டும் தனியா நகந்து கோடு கோணலா நிக்குது. இதுல முதலாளி போன்ல தொறந்து பாத்தா வேற மாதிரி தெரியுதாம்.

பேர் நீளமானா பத்தி விரியறது ஆட்டோஃபிட் வேலை. டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்ல ஆப்ஷன்ஸ் பட்டன் அமுத்தினா ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடுங்க. அதுக்கப்பறம் நீளமான பேர் அடுத்த வரிக்கு மடங்குமே தவிர பத்தி அசையாது. மெயில் ஐடி மாதிரி நடுவுல இடைவெளியே இல்லாத சொல்லு கண்ட இடத்துல உடைஞ்சா, உடைய வேண்டிய இடத்துல கர்சர் வச்சு இன்சர்ட், சிம்பல், மோர் சிம்பல்ஸ், ஸ்பெஷல் கேரக்டர்ஸ்ல நோ விட்த் ஆப்ஷனல் பிரேக்னு இருக்கறதைப் போடுங்க, கண்ணுக்குத் தெரியாது, ஆனா அங்கதான் உடையும். அதை விட்டுட்டு என்டர் தட்டி உடைச்சீங்கன்னா நாளைக்கு அந்த ஐடியை காப்பி பண்ணும்போது ரெண்டு துண்டா வரும், மெயில் போகாது.

கோடு கோணலாகறது எப்படின்னா, ஒரு கட்டம் செலக்ட் ஆகியிருக்கும்போது அதோட கோட்டை இழுத்தா அந்தக் கட்டத்தோட கோடு மட்டும்தான் நகரும், மத்த வரிசை அப்படியே இருக்கும். சம்பளம் அடிச்சுட்டு அந்தக் கட்டம் கறுத்து இருக்கறதை கவனிக்காம இழுத்திருப்பீங்க. உடனே தெரிஞ்சா கன்ட்ரோல் இசட் போடுங்க. தெரியாமப் போச்சுன்னா பத்திக்கு மேல கர்சரைக் கொண்டு போனா கறுப்பா ஒரு அம்பு கீழ பாத்து வரும், அப்ப கிளிக் பண்ணி முழுப் பத்தியையும் செலக்ட் பண்ணி, டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்ல காலம் பக்கத்துல ப்ரிஃபர்டு விட்த் 3 சென்டிமீட்டர், 4 சென்டிமீட்டர்னு எண்ணாவே குடுங்க. அகலத்தை மவுஸால இழுக்கறதை விட எண்ணால குடுக்கறது எப்பவும் நல்லது, அடுத்த மாசப் பட்டியலும் அதே அளவுல வரும், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம்.

போன் விஷயத்துக்கு வருவோம். போன்ல அந்த ஃபான்ட் இருக்காது, வாட்ஸ்அப்ல வந்த ஃபைலை எந்த ஆப் தொறக்குதுன்னும் நிச்சயம் இல்ல, ஃபான்ட் மாறினா எழுத்து அகலம் மாறும், அகலம் மாறினா வரி மடங்கும், வரி மடங்கினா பக்கமே மாறிடும். பாக்கறதுக்கு மட்டும்னா சேவ் ஆஸ்ல பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க, ஒரு புள்ளி கூட நகராது. அவரு இன்னொரு கம்ப்யூட்டர்ல திருத்தணும்னா ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பக்கத்துல எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல் டிக் பண்ணி சேவ் பண்ணுங்க, ஃபைல் கொஞ்சம் பெருசாகும், அந்த ஃபான்டோட லைசென்ஸ் அனுமதிச்சா கூடவே போகும். சம்பள விவரம்கறதால இன்னொண்ணும் சொல்றேன், ஒருத்தர் சம்பளம் இன்னொருத்தருக்குத் தெரியற மாதிரி குரூப்ல போட்டுடாதீங்க.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: எக்ஸெல்லிலிருந்து வேர்டுக்கு டேபிளைக் கொண்டு வந்தேன். ஸ்கிரீன்ல கோடு எல்லாம் தெரியுது, பிரிண்ட்ல ஒரு கோடு கூட வரல. வீட்டு நம்பர் 12/4-னு அடிச்சது தேதியா மாறியிருக்கு.

எக்ஸெல்ல பாக்கற சாம்பல் கோடு நிஜமான கோடு இல்ல, கட்டம் எங்க இருக்குன்னு காட்டறதுக்கு மட்டும். வேர்டுக்கு வந்தப்பறம் தெரியறதும் வியூ கிரிட்லைன்ஸ்ங்கற வசதி காட்டற புள்ளிக் கோடு, அதுவும் பிரிண்ட் ஆகாது. டேபிளை முழுசா செலக்ட் பண்ணி டேபிள் டிசைன்ல பார்டர்ஸ், ஆல் பார்டர்ஸ் குடுங்க, முடிஞ்சுது.

வீட்டு நம்பர் விஷயம் எக்ஸெல்லயே கெட்டுப் போச்சு, வேர்டுல சரி பண்ண முடியாது. 12/4-ஐ அது தேதின்னு எடுத்துக்கிட்டு உள்ள வேற ஒரு எண்ணா மாத்தி வச்சிருக்கு, இப்ப போய் அந்தப் பத்தியை டெக்ஸ்ட்டுன்னு மாத்தினா அஞ்சு இலக்கத்துல ஏதோ ஒரு எண் வரும். அதனால மூலப் பட்டியலைப் பாத்து திரும்ப அடிக்கறதுதான் ஒழுங்கு. அடிக்கறதுக்கு முன்னாடி பத்தியை செலக்ட் பண்ணி ஃபார்மேட் செல்ஸ்ல டெக்ஸ்ட் குடுத்துடுங்க, இல்லன்னா ஒவ்வொரு நம்பருக்கும் முன்னாடி ஒரு ஒத்தை மேற்கோள் குறி போடுங்க, அது தெரியாது, எண் அடிச்ச மாதிரியே நிக்கும். வேர்டு மாதிரியே இருக்கற லிப்ரே ஆபீஸ் ரைட்டர் வச்சிருக்கறவங்களுக்கு நம்பர் ரெகக்னிஷன் ஆன் ஆகியிருந்தா ரைட்டர் டேபிளுக்குள்ளயே இந்தத் தொல்லை வரும், டூல்ஸ், ஆப்ஷன்ஸ்ல லிப்ரே ஆபீஸ் ரைட்டர், டேபிள் பக்கம் போய் அதை அணைச்சுடலாம். ரைட்டர்ல டேபிள் அகலம் மாத்தற கட்டம் மங்கலா இருந்து அமுங்கலைன்னா அலைன்மென்ட் ஆட்டோமேட்டிக்ல இருக்கும், லெஃப்ட்டுன்னோ சென்டர்னோ மாத்தினா தொறக்கும்.

கோவில்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: டேபிளை செலக்ட் பண்ணி டெலிட் அமுத்தினா எழுத்து மட்டும் போகுது, கட்டம் அப்படியே நிக்குது அண்ணா. அப்பறம் ஒரு வரிசையை மேல கீழ மாத்தறதுக்கு கட் பேஸ்ட் தவிர வேற வழி இருக்கா?

டெலிட்டுக்குப் பதிலா பேக்ஸ்பேஸ் அமுத்துங்க தம்பி, டேபிளே போயிடும். வரிசையை நகத்த அந்த வரிசையில கர்சர் வச்சு ஆல்ட் ஷிஃப்ட் ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு மேல் அம்போ கீழ் அம்போ தட்டினா வரிசை முழுசா ஏறி இறங்கும், கட் பேஸ்ட் வேணாம்.

அடுத்த மாசத்துக்கு மெயில் மெர்ஜ் பத்தி கேள்வி அனுப்புங்க. அனுப்பும்போது எந்த வெர்ஷன், எந்த ஃபான்ட், கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 போட்டா என்ன தெரியுது, இந்த மூணையும் சேத்து எழுதிடுங்க.